பொத்தானின் நிகர எடை

அன்புள்ள சுண்டுவுக்கு அம்மா எழுதுவது.

நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பி இதை ஆரம்பிக்கிறேன். இங்கே நான், உன் அப்பா, உன் ஆமை மூன்று பேரும் சௌக்கியம். இதில் மூன்றாவது ஆளைப் பற்றிப் பொய் சொல்லாமல் அப்படி எழுத முடிவது இப்போதுதான், அதனால்தான் இந்தக் கடிதம். போனில் இதையெல்லாம் சொல்ல முடியாது. நம் வீட்டுச் சுவர்கள் உனக்குத் தெரியும், நான் கூடத்தில் பெருமூச்சு விட்டால் உள்ளறையில் அப்பா என்ன என்று கேட்பார். அதுவும் ஞாயிற்றுக்கிழமை உன் போன் வரும் நேரத்துக்கு உள்ளறை மின்விசிறியை அணைத்துவிட்டு வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருப்பார். ஏன் அணைத்தீர்கள் என்றால் சத்தம் போடுகிறதாம். நீ போனை வைத்ததும் அந்தச் சத்தம் தானாகச் சரியாகிவிடும், மறுபடி சுழல விடுவார். பதினான்கு மாதமாக இந்தக் கூத்து நடக்கிறது.

முதலில் என் திருட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பொத்தான் எப்படியிருக்கிறான், படம் அனுப்பு என்று நீ கேட்டாயே, அன்று நான் அனுப்பிய மூன்று படமும் ஆறு மாதத்துக்கு முந்தையவை. வீடியோ காட்டு என்றபோது கேமரா மங்கலாகிவிட்டது என்று சொன்னதும் புளுகுதான். கேமராவுக்கு ஒன்றும் இல்லை, மங்கலாக இருந்தது தொட்டித் தண்ணீர். அன்றைக்கு உன் ஆமை கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டு, சாப்பாட்டைத் தொடாமல், கல்லின் மேல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தான். அந்த நிலைக்கு அவனைக் கொண்டுபோனது நான். முழுதும் நான் மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். திட்டுவதென்றால் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

நடந்தது இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து வழக்கம்போல ஒரு சிட்டிகை குச்சித் தீனி போடப் போனேன். தொட்டிக் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக நூல் ஒட்டியிருந்தது, அரை விரற்கடை நீளம், மயிரிழை கனம். பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு எதைப் பார்த்தாலும் நூலாகத்தானே தெரியும். என் சட்டையிலிருந்து விழுந்த பிசிர் என்று நினைத்து விரலால் துடைக்கப் போனேன். அந்தப் பிசிர் உடம்பை நெளித்துத் திரும்பியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கீழ்வீட்டுக் கடிகாரக்காரரைக் கூப்பிட்டேன், அவர் கண்ணில் மாட்டுகிற அந்தச் சின்ன லென்ஸோடு வந்து தொட்டி முன்னால் மண்டியிட்டுப் பார்த்தார். புழுதான், உயிரோடுதான் இருக்கு, நல்லா சுறுசுறுப்பாவே இருக்கு என்று என்னவோ குழந்தையைப் பாராட்டுகிற மாதிரி சொன்னார். பதினொன்று வரை எண்ணினார், அதற்குள் அவருக்கே முழங்கையில் அரிக்க ஆரம்பித்துவிட்டது, லென்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

உனக்குத் தெரியும் உன் அம்மாவை. ஒரு சொட்டுக் கறை இருந்தால் அந்த விரிப்பை வார்டுக்கு ஏற விடமாட்டேன். என் வீட்டில், நான் தினமும் துடைக்கிற தொட்டியில் புழுவா? ஆமையின் வயிற்றிலிருந்துதான் வருகிறது, இது தொற்று என்று நானே முடிவு கட்டிவிட்டேன். தொற்று வார்டுத் துணி வந்தால் எங்களுக்கு ஒரே வழிதான், தனியாகப் பிரி, கொதிநீரில் போடு, ப்ளீச் ஊற்று, மூன்று முறை அலசு. நான் தொட்டிக்கும் அதையே செய்தேன். பொத்தானைத் துணி ஊறவைக்கும் தொட்டியில் விட்டு ஓட்டைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், அவன் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் உறுத்துகிறது. கற்களைக் கொதிக்க வைத்தேன். ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சைப் பார்த்தால் பழுப்பாகச் சேறு பிடித்திருந்தது, அதை ப்ளீச்சில் ஊறப்போட்டுப் பிழிந்து பிழிந்து புதுசு மாதிரி வெள்ளையாக்கிவிட்டேன். நேராகக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பினேன். தொட்டி பளபளவென்று கடையில் வைத்த மாதிரி நின்றது, எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அப்பா வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பொத்தான் எங்கே என்று கேட்டார். அவர் அந்த ஆமையைப் பற்றி வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை, அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

நீ படித்ததே கிருமிகளைப் பற்றி, வேலை பார்ப்பதும் ஆய்வுக்கூடத்தில், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டாவது சரியாகச் சொல்லியிருப்பாய். கேட்கவில்லை. சுத்தம் பற்றி என் பெண்ணிடம் நான் பாடம் கேட்பதா என்ற வீம்புதான், வேறென்ன. நாலே நாளில் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்துவிட்டது. புழு போகவில்லை, முன்பைவிட இரண்டு பங்கு வந்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறி இரண்டாவது முறையும் அதே வைத்தியம் பார்த்தேன், இந்தத் தடவை ப்ளீச் கொஞ்சம் தாராளமாக. அதோடு பொத்தான் கண்ணை மூடினான். ஐந்து நாளாகியும் திறக்கவில்லை. தீனியைத் தலைக்கு நேராகப் போட்டாலும் கழுத்து வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள்தான் நீ படம் கேட்டாய். நான் அன்று போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன், இதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ அவனை வாங்கி வந்த அன்று அவன் கோட்டுப் பொத்தான் அளவுதான் இருந்தான், உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாய். நீ கிளம்பும்போது என்னை நம்பி விட்டுப்போன உயிர் அது ஒன்றுதான்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஒரு அட்டைப்பெட்டியில் ஈரத்துணி விரித்து அவனை வைத்துப் பிராணி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அந்தத் தெருவில் அவருக்குக் கைக்கடிகார பேட்டரி வாங்கணுமாம். கீழ்வீட்டிலேயே கடிகாரக்காரர் இருக்கும்போது மூன்று தெரு தாண்டிப் போய் பேட்டரி! சரி வாருங்கள் என்றேன். பஸ்ஸில் பெட்டியை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பள்ளம் வரும்போதெல்லாம் பெட்டியை இரண்டு கையாலும் சற்றே தூக்கிப் பிடித்தார், குலுங்காமல். நான் ஜன்னல் பக்கம் பார்க்கிற மாதிரி இருந்துகொண்டேன்.

டாக்டர் சின்னப் பெண், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம், குரல் மட்டும் லாரி டிரைவர் மாதிரி. முதலில் எடை பார்க்கத் தட்டில் வைத்தாள். உடனே உன் அப்பா, முப்பது வருடமாக எடை மேடையில் லாரிகளை எடை போடுகிறவர் இல்லையா, அம்மா உங்க தராசு பூஜ்யத்துல நிக்கலை, வெறும் தட்டுக்கே நாலு கிராம் காட்டுது என்றார். டாக்டர் ஆமையை எடுத்துவிட்டுப் பார்த்தாள், நாலு கிராம் காட்டியது. சிரித்துக்கொண்டே கழித்து எழுதினாள், அறுநூற்று ஐம்பத்தொன்று. பிறகு நான் ஒரு பாட்டிலில் எடுத்துப்போயிருந்த புழுவைப் பார்த்தாள். நான் செய்ததையெல்லாம் வரிசையாகப் பெருமையோடு வேறு சொல்லித் தொலைத்தேன். அவள் பேனாவை மூடிவிட்டு, அம்மா, இந்தப் புழு உங்க ஆமையை ஒண்ணுமே பண்ணலை, எல்லாம் பண்ணினது நீங்கதான் என்றாள். அந்தப் புழு ஆமை வயிற்றிலிருந்து வருவதில்லையாம். கல்லுக்கு அடியில் தின்னாமல் கிடக்கிற தீனியையும் அழுக்கையும் தின்று வாழுமாம், ஒரு வகையில் துப்புரவு ஆள்தானாம். நான் பழுப்புச் சேறு என்று வெளுத்தேனே, அந்தப் பஞ்சில்தான் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கிற நல்ல கிருமிகள் குடியிருந்ததாம். அவற்றை நான் இரண்டு தடவை கூண்டோடு ஒழித்துவிட்டேன், அதனால் அவன் கழிவே தண்ணீரில் விஷமாகிக் கண்ணைத் தாக்கியிருக்கிறது, ப்ளீச்சும் கூட. என் மூக்கு நன்றாகவே உடைந்தது.

ஆனால் அதோடு விடவில்லை அவள். புழு இவ்வளவு வந்திருக்குன்னா மிச்சத் தீனி நிறையக் கிடக்குதுன்னு அர்த்தம், எவ்வளவு போடறீங்க என்றாள். சாயங்காலம் ஒரு சிட்டிகை என்றேன். நம்பவில்லை. பொத்தானின் பின்னங்காலைப் பிடித்து இழுத்துக் காட்டினாள், ஓட்டுக்கும் தொடைக்கும் நடுவே இறுக்கமான சட்டைக் கையிலிருந்து பிதுங்குகிற மாதிரி கொழுப்பு. அஞ்சு நாள் பட்டினி கிடந்தும் இவ்வளவு இருக்கு, இது ஒரு சிட்டிகை உடம்பு இல்லைம்மா, வீட்டுல வேற யாராவது குடுக்கறாங்களா என்றாள். யாரும் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான், இவர் அந்தப் பக்கமே போகமாட்டார் என்றேன். இவர் அந்த நேரம் சுவரில் மாட்டியிருந்த நாய்த் தடுப்பூசி அட்டவணையை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னபடி எல்லாம் செய்தோம். கண்ணுக்குச் சொட்டு மருந்து, பகலில் விளக்குச் சூட்டில் காய வைப்பது, குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்க வாளியில் வைத்துவிட்டு அப்புறம் ஊற்றுவது, மொத்தமாக மாற்றாமல் கால்வாசி மட்டும் மாற்றுவது, பஞ்சை இனிமேல் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே மெதுவாக அலசுவது. கல்லுக்கு அடியில் கிடக்கும் அழுக்கை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுக்கச் சொன்னாள். ஒரு நாள் அப்படி உறிஞ்சி வாளியில் விட்டபோதுதான் பார்த்தேன், சேற்றோடு சேர்த்து ஆரஞ்சு நிறத்தில் தோல் தோலாக, வால் வாலாக. காய்ந்த இறால். பிராணிக் கடையில் டப்பாவில் விற்பார்களே அது. சுண்டு, நான் என் வாழ்நாளில் அந்த டப்பாவை வாங்கியதில்லை. எங்கள் சலவைக் கூடத்தில் முதல் விதியே துணியை நனைப்பதற்கு முன் பையைப் பார் என்பதுதான், கத்தரிக்கோல், ஊசி, பல்செட் எல்லாம் எடுத்திருக்கிறேன். அழுக்குக் கூடையிலிருந்து உன் அப்பாவின் வேலைச் சட்டையை எடுத்துப் பையை வெளியே தள்ளிப் பார்த்தேன். தையலோரம் முழுக்க ஆரஞ்சுத் தூள். முகர்ந்து பார்த்தால் மீன் வாடை. குட்டு வெளிப்பட்டுவிட்டது. பையை உள்ளே தள்ளிச் சட்டையைத் துவைத்துப் போட்டேன்.

இனி எழுதப்போவதுதான் நான் சொல்ல வந்தது. அதற்கு மறுநாள் காலை வழக்கம்போல ஐந்தரைக்குக் கிளம்பிவிட்டேன், அப்பாவுக்குப் பத்து மணிக்குத்தானே வேலை. பஸ் நிறுத்தம் போனதும் கண்ணாடியை மறந்தது தெரிந்து திரும்பி வந்தேன். சாவி போட்டுக் கதவைத் திறந்தால் உன் அறையில் பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தேன். உன் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் அப்பா உட்கார்ந்திருக்கிறார், கையில் தீனி எதுவும் இல்லை, இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஆமையோடு பேசிக்கொண்டிருக்கிறார். வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். நான்தாண்டா உன்னைக் கெடுத்தேன், என்னைப் பார்த்தா ஓடி வந்து வாயைத் திறக்கற, அவ சின்னதுல வாசல் கேட்டுக்கு ஓடி வருவாளே அந்த மாதிரி, அதுக்காகவே போட்டேன். இன்னும் ஒண்ணு இன்னும் ஒண்ணுன்னு போட்டேன். உன்கிட்ட பேசத்தான் வரேன், பேச வராது, அதனால போட்டுட்டுப் போயிடுவேன். உள்ளங்கையால் தொட்டிக் கண்ணாடியை ஒரு முறை துடைத்தார். அப்புறம், நீ கண்ணைத் திறக்கலைன்னா அவ இந்த வீட்டுக்கு வர எதுடா இருக்கு என்று கேட்டார்.

பையைத் தோளில் மாட்டியபடியே நின்றேன் சுண்டு. உள்ளே போகவில்லை. போயிருந்தால் ஏதாவது கேலி பண்ணிக் காரியத்தைக் கெடுத்திருப்பேன், என் வாய் அப்படி. சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி இல்லாமலே வேலைக்குப் போனேன், பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக இருபது நிமிஷம் தாமதம். அன்று எண்ணிய விரிப்புக் கணக்கு எதுவும் சரியாக வரவில்லை, அது கண்ணாடி இல்லாததால் மட்டும் இல்லை. உங்கள் இரண்டு பேர் சண்டையில் நான் யார் பக்கமும் பேசியதில்லை, இப்போதும் பேசவில்லை. உன்னை வழியனுப்ப வராமல் லீவு நாளில் எடை மேடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது அவர் செய்த பிழை. போறவ போற இடத்துலயே இருந்துக்கட்டும் என்று சொன்னதும் பிழை. என்னைவிட லாரிதான் உங்களுக்குப் பெரிசு என்று நீ சொன்னதும் லேசான வார்த்தை இல்லை. அந்த மனுஷன் அதைத்தான் தினமும் சுமந்துகொண்டு போகிறார்.

உனக்கு ஆறு வயதில் அந்த எடை மேடைக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? நீ அவ்வளவு பெரிய இரும்புத் தளத்தின் நடுவில் ஏறி நின்றாய், உள்ளே எண் பூஜ்யத்திலேயே நின்றது. அது லாரிக்கான மேடை, இருபது கிலோவுக்குக் கீழே அதற்குத் தெரியாது. எனக்கு எடையே இல்லையா என்று நீ ஒப்பாரி வைத்துவிட்டாய். அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கு ஓடி மூட்டைத் தராசில் நிறுத்தி, லாரிக்குக் கொடுக்கிற அதே சீட்டில் உன் பெயரை எழுதி, மொத்தம் இவ்வளவு, செருப்பு இவ்வளவு, நிகரம் பதினேழு கிலோ என்று போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு சீட்டு, கல்லூரி முடிக்கிறவரைக்கும். பதினெட்டு வயதில் நீ என் எடையை ஊருக்குச் சொல்லாதீங்கப்பா என்று கத்தியும் விடவில்லை. எல்லாம் இன்னும் உன் மேஜை இழுப்பறையில்தான் இருக்கின்றன. கடைசி இரண்டு பிறந்தநாளுக்குத்தான் சீட்டு இல்லை.

அன்று சாயங்காலம் நான் ஒரு சின்ன வேலை செய்தேன். டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவை எடை பார்த்து எழுதச் சொல்லியிருந்தாள், உண்மைதான். எனக்குத் தராசில் அந்தப் பொடி எண்ணெல்லாம் தெரியாது, நீங்கள் பாருங்கள் என்று பொத்தானை அவர் பொறுப்பில் விட்டேன், அது பாதிப் பொய். அவ்வளவுதான், அவர் அடுத்த நாளே எடை மேடையிலிருந்து அரைக் கிலோ சோதனைக் கல்லைக் கேட்டு வாங்கி வந்து என் சமையல் தராசைச் சோதித்தார், ஆறு கிராம் பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்து என்னை ஒரு முறை முறைத்தார், இத்தனை வருடம் நான் சமைத்ததெல்லாம் கலப்படம் என்கிற மாதிரி. ஞாயிறு காலை சரியாகப் பத்து மணிக்கு டப்பாவோடு மொத்த எடை, காலி டப்பா எடை, கழித்தால் நிகர எடை, சீட்டு எழுதித் தொட்டியில் ஒட்டிவிடுவார். தண்ணீர் மாற்றுவது, பஞ்சு அலசுவது எல்லாம் இப்போது அவர்தான், என்னை ப்ளீச் பாட்டிலோடு அந்த அறைப்பக்கம் பார்த்தால் எங்கே போறே என்கிறார். இறால் டப்பாவைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் அது குப்பைக்கூடையில் கிடந்தது, முக்கால்வாசி மிச்சத்தோடு.

டாக்டரிடம் போய் வந்த ஒன்பதாம் நாள் காலை சலவைக் கூடத்துக்கு எனக்குப் போன் வந்தது. பத்தொன்பது வருடத்தில் உன் அப்பா என்னை வேலையிடத்தில் கூப்பிட்டதே இல்லை. என்னோடு இருக்கிறவர்கள் யாருக்கு என்ன ஆச்சோ என்று இயந்திரத்தையே நிறுத்திவிட்டார்கள், ஒருத்தி எனக்கு நாற்காலி வேறு போட்டுவிட்டாள். நான் போனை வாங்கி என்னங்க என்றால், கண்ணைத் திறந்துட்டான், ஒண்ணு நல்லா, ஒண்ணு பாதி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், எல்லோரும் ஆமைக்கா இவ்வளவு என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன், வேறெப்படி விளக்குவது. இப்போது இரண்டு கண்ணும் தெளிவு. வாரத்தில் மூன்று நாள் தனித் தொட்டியில் விட்டுத் தீனி, அவன் தலை அளவுதான், மிச்சம் இருந்தால் உடனே எடுத்துவிடுகிறோம். புழு முற்றிலும் போகவில்லை. கல்லுக்கடியில் இரண்டு மூன்று இருக்கின்றன, தேடினால்தான் தெரியும். இருக்கட்டும், எல்லாத்தையும் ஒழிக்கணும்னு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாள். எனக்கு முதலில் தூக்கம் வரவில்லை, இப்போது அவற்றைப் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

நீ உடனே போனை எடுத்து அப்பா என்று உருகவேண்டாம். நான் எழுதினேன் என்று தெரிந்தால் மனுஷர் வெட்கத்தில் இன்னும் ஒரு வருடம் பேசமாட்டார். ஒன்று மட்டும் செய். வழக்கமான சாயங்கால நேரத்தில் இல்லாமல், ஒரு ஞாயிறு நம் ஊர் நேரப்படி காலை பத்து மணிக்குப் போன் பண்ணு. நான் எடுக்கமாட்டேன், கை ஈரம் என்று சொல்லிவிடுவேன், வேறு வழியில்லாமல் அவர்தான் எடுப்பார். பொத்தான் எடை என்ன என்று மட்டும் கேள். எண் என்றால் அவருக்குப் பேச வரும். சொல்லிவிட்டு அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசாவிட்டால் நீயும் அவசரப்பட்டுப் பேசாதே, போனை மட்டும் வைத்துவிடாதே. அங்கே உன் பக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் அவருக்கு அது போதும். உனக்கும் அது வேண்டித்தான் இருக்கும், பெற்றவளுக்குத் தெரியாதா. பிடிவாதத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சு, நடுவில் அகப்பட்ட எனக்குத்தான் வாயில்லா ஜீவனோடு சிநேகம்.

போன தடவை நீ அனுப்பிய படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது. வேலை, வேலை என்று மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிடுகிறாயா? ஈரத் தலையோடு வெளியே போகாதே. வெள்ளைத் துணியையும் கறுப்புத் துணியையும் ஒன்றாகத் துவைக்காதே, எத்தனை தடவை சொல்வது. மேலதிகாரி சிடுசிடுத்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே, அங்கே உன்னோடு அறையில் இருக்கும் பெண்ணிடம் நான் விசாரித்ததாகச் சொல். நோய்நொடி அண்டாமல், எடுத்த காரியம் கைகூடி, சிரித்த முகத்தோடு நீ நூறு வருடம் இருக்க வேண்டும். மறந்துவிடாதே, ஞாயிறு, காலை, பத்து மணி.

உன்னை நினைக்காத நாள் இல்லாத,
அம்மா

பி.கு. உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அப்பா வந்து நின்றார். தபால்தலை எவ்வளவு ஒட்டுவது என்று பார்க்க எடை போடணும், குடு என்றார். கொடுத்தேன். பிரித்துப் படிக்கமாட்டார், அந்த நாணயம் அவருக்கு உண்டு. தராசில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார், பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, இதுவும் உள்ள போகட்டும், எடை கூடாது என்றார். நான் படிக்கக் கூடாதுதான், படித்துவிட்டேன். அந்தப் பழைய லாரிச் சீட்டுதான், முத்திரையோடு. அதில் இருந்தபடியே எழுதுகிறேன், நீயும் எடுத்துப் பார். பொத்தான்: மொத்தம் 870 கிராம், காலி டப்பா 240, நிகரம் 630. கண் இரண்டும் தெளிவு. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு உன் பெயரை எழுதியிருக்கிறார், மொத்தம், செருப்பு, நிகரம் என்று மூன்று இடம். மூன்றையும் காலியாக விட்டு, முத்திரையை மட்டும் முன்கூட்டியே குத்தி வைத்திருக்கிறார்.